காத்தாயி உள்ளங்கையில இருந்த பள்ளம்

ஒரு ஊர்ல ஒரு சாவடி இருந்துச்சு. யாழி, கையை எடு. அத்தைப்பாட்டி தாடைக்குக் கீழ இருக்குற அந்த உருண்டையை இன்னும் எத்தனை தடவைதான் உருட்டுவே? அது கோலி இல்ல. பதினோரு நாள் காய்ச்சல்ல கிடந்துட்டு போன வாரம்தான் எழுந்து உட்கார்ந்திருக்கேன். வீக்கம் வடிய இன்னும் நாளாகுமாம். உங்கம்மா உன்னை எங்கிட்ட படுக்க வெச்சுட்டு அந்த ரூம்ல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டிருக்கா. மத்தியான வெயில் இறங்குற வரைக்கும் நீ தூங்கணும், நானும் தூங்கணும். கதை வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு "ம்" கொட்டு. கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

— ம்.

அந்த ஊருக்கு வயசு எழுபத்தெட்டு. ஊருன்னா கடை, தெரு இருக்குற ஊரு இல்ல. ஒரு கிழவியோட உடம்புதான் அந்த ஊரு. மூக்குதான் வாசல். தொண்டைதான் சந்து. நெஞ்சுக்குள்ள காத்து வந்து போற ரெண்டு பெரிய அறை. கழுத்தோரமா, தாடைக்குக் கீழ, அவரைக்கொட்டை அளவுல ஒரு சாவடி.

— உனக்கும் எழுபத்தெட்டு.

இது கதையில வர்ற கிழவி. குறுக்க பேசாதே.

— ம்.

அந்தச் சாவடியில இருந்தவங்க எல்லாரும் காவல் காக்குற ஆளுங்க. அவங்களுக்குக் கண்ணு கிடையாது. ஆளுக்கொரு பள்ளம், உள்ளங்கையில, பிறக்கும்போதே இருக்கும். ஒருத்தர் பள்ளம் மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. ஊருக்குள்ள எவனாவது திருடன் வந்தா, பத்துக்கையன்னு ஒரு ஓட்டக்காரன், உடம்பெல்லாம் கையா முளைச்சவன், அந்தத் திருடன் போட்டிருக்குறதுல ஒரு துண்டைப் பிய்ச்சுக்கிட்டு வாய்க்கால் வழியா சாவடிக்கு ஓடி வருவான். வந்து ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலயும் வெச்சு வெச்சுப் பார்ப்பான். யார் பள்ளத்துல டக்குன்னு உட்காருதோ அவங்களாலதான் அந்தத் திருடனைப் பிடிக்க முடியும். வேற யாராலயும் முடியாது. உடனே அவங்க ஒண்ணு ரெண்டாவாங்க, ரெண்டு நாலாவாங்க, நாலு எட்டாவாங்க, தபதபன்னு ஊரு பூரா ஓடுவாங்க. அதான் முறை. ஊரு சின்ன வயசா இருந்தப்போ அந்த முறைப்படிதான் எல்லாம் நடந்துச்சு.

அப்புறம் ஊருக்கு வயசாச்சு.

நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. புதுப்புது பள்ளத்தோட பிறந்தவங்களை அங்கதான் பழக்கி சாவடிக்கு அனுப்புவாங்க. ஊரு வளர வளர அது சுருங்கிக்கிட்டே வந்து, கடைசியில இழுத்து மூடிட்டாங்க. உள்ள கொழுப்பு மூட்டையை அடுக்கி வெச்சுட்டாங்க. இவ்வளவு பெரிய ஊருக்கு இருக்குறது ஒரே பள்ளிக்கூடம், அதை ஏன்யா மூடினீங்கன்னு கேட்டா, "அதெல்லாம் அப்பவே மூடியாச்சும்மா"ங்கறாங்க. கேள்விக்கு அதுவா பதில்? என்னத்தைச் சொல்றது.

— ம்.

அப்போ சாவடிக்குப் புது ஆள் வர்றது நின்னு போச்சு. இருக்குற ஆளுங்கதான். அதுலயும் முன்பெஞ்சுல மூணு பேரு. மணல்வாரி மாணிக்கம், பொன்னுக்குவீங்கி பொன்னப்பா, காய்ச்சல் கண்ணுசாமி. ஊருக்கு ஏழு வயசுல மணல்வாரி அம்மை வந்தப்போ மாணிக்கம் பிடிச்சார். ஒன்பது வயசுல கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கினப்போ பொன்னப்பா பிடிச்சார். கண்ணுசாமி பிடிச்சது ஒரு குளிர்காய்ச்சல் திருடனை, ஊருக்கு முப்பது வயசு இருக்கும். நல்லாத்தான் பிடிச்சாங்க, இல்லேங்கல. ஆனா பிடிச்சுட்டு எழுந்து போகணுமா இல்லையா? ஒவ்வொருத்தரும் தன்னை மாதிரியே நூறு பேரு, இருநூறு பேருன்னு பெருக்கி, சாவடியில பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. பகல் முழுக்க ஒரே பேச்சு. நான் அப்போ பிடிச்சேன் பாரு, நீ அப்போ எங்க இருந்தே, அப்படின்னு.

சாவடியோட கடைசி மூலையில காத்தாயின்னு ஒருத்தி.

— அவ எதைப் பிடிச்சா?

ஒண்ணையும் பிடிக்கலை. அதான் கதையே. பள்ளிக்கூடம் மூடுறதுக்கு முன்னால கடைசியா வந்தவங்கள்ல ஒருத்தி அவ. அவ உள்ளங்கையில ஒரு பள்ளம், கோணலா, ஓரத்துல ஒரு வெட்டோட. அதுல உட்கார்ற மாதிரி ஒரு துண்டும் இதுவரைக்கும் வந்ததில்ல. அறுபது வருஷமா கையை விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கூட வந்தவங்க ஒவ்வொருத்தரா போய்ச் சேர்ந்துட்டாங்க. முன்பெஞ்சுக்காரங்க போகும்போது வரும்போது இடிச்சுப் பேசுவாங்க. "என்ன காத்தாயி, உன் மாப்பிள்ளை கிளம்பிட்டானா?" அவ சொல்லுவா, "வழியில இருக்கான் போல."

— மாப்பிள்ளையா?

கேலி பண்றாங்கடி. கண்ணை மூடு.

அப்போ ஒரு நாள் மூக்கு வாசல்ல ஒருத்தன் வந்தான். தலையில முள்ளுக்குல்லா. கண்ணுசாமி அந்தக் காலத்துல பிடிச்சாரே ஒரு திருடனை, அவன் வம்சம்தான். ஆனா இந்த வம்சத்துக்கு ஒரு குணம், வருஷத்துக்கு வருஷம் குல்லாவை மாத்திக்கும். அன்னைக்கு உருண்டைக் குல்லா. இன்னைக்குக் கோணக் குல்லா, ஓரத்துல ஒரு வெட்டு. சர்ர்ருன்னு வாசல்ல நுழைஞ்சான். ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தனா போனான், ஆயிரம் பேரா வெளிய வந்தான்.

வாசல்ல காவக்காரங்க இருந்தாங்க. புஸ்ஸுன்னு நெருப்பு மூட்டி சைகை காட்டினாங்க. யாரும் திரும்பிப் பார்க்கலை. ஏன் தெரியுமா? அந்தக் காவக்காரங்க அஞ்சாறு வருஷமாவே சும்மா சும்மா சுள்ளி கொளுத்துறவங்க. முட்டியில கொஞ்சம் புகை, முதுகுல கொஞ்சம் புகை, ஈறுல கொஞ்சம் புகை. திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்பவும் புகைஞ்சுக்கிட்டிருக்குற ஊர்ல நிஜ நெருப்பு எது, பொய் நெருப்பு எதுன்னு யாருக்குத் தெரியும்?

— ம்.

பத்துக்கையன் குல்லாவுல ஒரு துண்டைப் பிய்ச்சுக்கிட்டு ஓடினான். ஓடினான்னு சொல்றேன், நடந்தான். வாய்க்கால்ல தண்ணி ஓடினாத்தானே அவனும் ஓட முடியும்? சளக்... சளக்னு அங்கங்க தேங்கி நிக்குது. முந்தி அரை நாள்ல வந்தவன் ஒன்றரை நாள்ல வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க, "ஐயா, புதுசா ஒருத்தன் வந்திருக்கான்"னான்.

அப்போ கண்ணுசாமி கையை நீட்டினார். அந்தச் சாவடியில ஒரு பழக்கம் வந்திருச்சு. எதுவா இருந்தாலும் முதல்ல முன்பெஞ்சுக்குத்தான் காட்டணும். முன்பெஞ்சுல யாராவது "என்னுது"ன்னு சொல்லிட்டா, உள்ள ஒருத்தருக்கும் காட்டக் கூடாது. துண்டைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுடணும்.

கண்ணுசாமி பள்ளத்துல துண்டு பாதி உட்கார்ந்துச்சு, பாதி வெளிய நின்னு ஆடுச்சு. அவர் சொன்னார், "என்னடா புதுசு? இவன் பாட்டனையே எனக்குத் தெரியும். இது என்னுது."

"பாதிதான் உட்காருதுங்கய்யா."

"பாதி உட்கார்ந்தா உட்கார்ந்த மாதிரிதான். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவ்வளவுதான். துண்டு தொப்புன்னு வாய்க்கால்ல விழுந்துச்சு. சாவடிக்குப் பின்னால பட்டறையில இருளப்பன்னு ஒரு கொல்லன். திருடனைப் பிடிக்குற கொக்கி அடிக்கறது அவன் வேலை. அவனை எழுப்பி, "பழைய அளவுலயே அடி"ன்னாங்க. அவனுக்கு என்ன, பழைய அளவு தூக்கத்துலயே வரும். டங்... டங்... டங். ஆயிரம் கொக்கி.

மூலையிலேருந்து காத்தாயி கேட்டா, "என்ன வந்துச்சு?"

"உனக்கில்ல, உட்காரு"ன்னார் பொன்னப்பா.

— ஏன் அவளுக்குக் காட்டலை?

அதைத்தான் நானும் கேக்குறேன். ஒரு தடவை காட்டினா என்ன குறைஞ்சு போகும்? சரி, விடு. எனக்கு ரத்தம் கொதிக்குது, நீ தூங்க மாட்டே.

அப்புறம் நாலு நாள் ஆச்சு. கொக்கியை வீசினாங்க, குல்லாவுல பட்டு வழுக் வழுக்னு வழுக்கி விழுந்துச்சு. திருடன் சந்துக்கு வந்துட்டான். லொக் லொக், லொக் லொக். அந்தக் கிழவி பாவம், தலையணையில சாய்ஞ்சே உட்கார்ந்திருக்கா. பத்துக்கையன் ரெண்டாவது தடவை வந்தான். துண்டைப் பிடிச்சிருந்தது ஒரு கை, செவுத்தைப் பிடிச்சிருந்தது மத்ததெல்லாம்.

"ஐயா, கொக்கி வழுக்குது."

கண்ணுசாமி என்ன சொன்னார் தெரியுமா? "வழுக்குதுன்னா பத்தலைன்னு அர்த்தம். இன்னும் ரெண்டாயிரம் அடிக்கச் சொல்லு."

அதே கொக்கி. அதே அளவு. ஒருத்தருக்கும் அதுல கோளாறு தெரியலை.

— ம்.

இந்தத் தடவை காத்தாயி உட்கார்ந்திருக்கலை. துண்டு வந்துருக்குன்னு காதுல விழுந்ததும் எழுந்து நடக்க ஆரம்பிச்சா. ஆனா சாவடிக்குள்ள சந்து முன்ன மாதிரியா இருக்கு? ஊரு வாழ்நாள்ல வந்த ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தழும்பு, செவுரு செவுரா எழும்பி நிக்குது. நடுவுல கொழுப்புத் திட்டு. அதைத் தாண்டினா மாணிக்கத்தோட ஆளுங்க நூறு பேரு காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. "கொஞ்சம் காலை மடக்குங்க"ன்னா, "எங்க போற? யார் கூப்பிட்டா?"ன்னு நூறு பேருக்கும் பதில் சொல்லணும். அவ முன்பெஞ்சுக்கு வந்து சேர்றதுக்குள்ள துண்டை வாய்க்கால்ல போட்டுட்டாங்க.

பத்துக்கையன் வாசப்படியில உட்கார்ந்து கையெல்லாம் நீவி விட்டுக்கிட்டிருந்தான். அவ கேட்டா, "கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?"

"இல்லம்மா. போட்டாச்சு."

"அடுத்த தடவை?"

அவன் சொன்னான், "அடுத்த தடவை நெஞ்சு அறையிலேருந்துதான் கொண்டு வரணும். அந்த ரெண்டு அறையும் நிரம்பிடுச்சுன்னா காத்து நின்னுடும். ஊரு இருட்டாயிடும். அதுக்கு மேல அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லம்மா."

— ஊரு செத்துப் போயிடுமா?

அதான் அவன் சொன்னது.

— ம்.

காத்தாயி மூலைக்குத் திரும்பிப் போகலை. நேரா வந்து முன்பெஞ்சுக்கு முன்னால தரையில உட்கார்ந்துட்டா. மூணு பேருக்கும் மூக்கு மேல கோபம்.

மாணிக்கம் சொன்னார், "இது உன் இடம் இல்ல."

"தரையும் உங்க பேர்ல இருக்கா?"

பொன்னப்பா சொன்னார், "அறுபது வருஷமா ஒரு துரும்பைக் கிள்ளிப் போடலை. தண்டச்சோறு."

"ஆமா. இன்னும் ரெண்டு நாள் சேர்த்து சாப்பிட்டுக்கறேன்."

கண்ணுசாமி சொன்னார், "உனக்குச் சண்டை தெரியுமா? திருடன்னா எப்படி இருப்பான்னாவது தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்ச உங்க கொக்கிதான் வழுக்குது."



அப்போ கர்ர்ர்... கர்ர்ர்னு ஒரு சத்தம். நெஞ்சு அறையிலேருந்து. கீழ் மூலையில தண்ணி கட்ட ஆரம்பிச்சிருச்சு. கிழவிக்குப் பேச்சு குழறுது. டம்ளரைத் தானா எடுத்துக் குடிக்க முடியலை. ரெண்டு நாள் கழிச்சுப் பத்துக்கையன் மூணாவது தடவை வந்தான். பத்துக் கையில ஒன்பது கை தொங்கிப் போச்சு. ஒரே ஒரு கையில ஒரே ஒரு துண்டு. படியேற முடியாம வாசல்லயே விழுந்தான்.

கண்ணுசாமி பெஞ்சுலேருந்து கையை நீட்டினார். காத்தாயி தரையிலதானே இருந்தா? அவதான் பக்கம். அவ கை முன்னால போச்சு.

டக்.

— உட்கார்ந்துச்சா?

உட்கார்ந்துச்சு. கோணலுக்குக் கோணல், வெட்டுக்கு வெட்டு. அறுபது வருஷமா காலியா இருந்த உள்ளங்கை, அதுல ஒரு பாரம் வந்து உட்கார்ந்ததும் அவளுக்கு முதல்ல என்னன்னே புரியலை. வலின்னு நினைச்சா.

கண்ணுசாமி சொன்னார், "தற்செயலா மாட்டியிருக்கும்."

அவ கையை அவர்கிட்ட நீட்டினா. "தொட்டுப் பாருங்க ஐயா."

அவர் தொட்டார். விளிம்பு விளிம்பாத் தடவினார். எங்கயும் ஆடலை. கேட்டார், "நான் இப்போ என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் நகரணும். நான் ரெண்டாகணும், அதுக்கு இடம் வேணும்."

கண்ணுசாமி தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நகர்ந்தார். முணுமுணுத்துக்கிட்டேதான் நகர்ந்தார். ஆனா நகர்ந்தார்.

— ம்.

ரெண்டாகறது லேசு இல்ல. சின்ன வயசுல அரை நாள்ல முடியும். இவ அறுபது வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த உடம்பு. ஒரு நாள் பூரா முக்கி முக்கி ரெண்டானா. அப்புறம் நாலானா. நாலு பேருமா பட்டறைக்கு ஓடினாங்க. இருளப்பன் சுத்தியல் மேல தலையை வெச்சுக் கொர்ர் விட்டுக்கிட்டிருந்தான்.

"இருளப்பா, எழுந்திரு. புது அளவு."

"பழைய அளவு ரெண்டாயிரம் இருக்கே ஆத்தா, எடுத்துக்கோயேன்."

"எழுந்திரு."

டங் டங்னு ஒரு கொக்கி அடிச்சான். அவ துண்டோட வெச்சுப் பார்த்தா. வழுக்குச்சு. "இது இல்ல." ரெண்டாவது அடிச்சான். கொஞ்சம் பிடிச்சுது, இழுத்தா கழண்டுது. "இது இல்ல." அவன் சொன்னான், "போதும்மா, கை ஓஞ்சு போச்சு." அவ சொன்னா, "எனக்கு மட்டும் ஓயலையா? இழு துருத்தியை." அங்கேயே நின்னா. நாலு பக்கமும் நின்னா. அவன் தூங்கி விழும்போதெல்லாம் ஒரு அதட்டல். உங்கம்மா உன்னை எழுத வைக்கறா பாரு, அந்த மாதிரி. ஓரத்தை ராவு. இன்னும் ராவு. போதும். இப்போ வளை.

மூணாவது கொக்கி க்ளிக்குன்னு மாட்டுச்சு. இழுத்தா வரலை. தொங்கினா வரலை.

அப்போ அவன் கேட்டான், "இதே மாதிரி எத்தனை வேணும்?"

"நீ அடி. நான் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்து."

டங்டங் டங்டங் டங்டங். நாலு எட்டாச்சு, எட்டு பதினாறாச்சு. சாவடி வீங்கி, அவரைக்கொட்டை நெல்லிக்காய் ஆச்சு. கொக்கியெல்லாம் வாய்க்கால்ல இறங்கி நெஞ்சு அறைக்குப் போச்சு. குல்லா குல்லாவா மாட்டி இழுத்துச்சு. பதினோராவது நாள் காலையில கிழவிக்குக் குப்புன்னு வேர்த்துக் கொட்டிச்சு. காய்ச்சல் இறங்கிடுச்சு.

— உனக்கும் பதினோரு நாள்.

ம். இப்போ நான் "ம்" கொட்டுறேன் பாரு.

— அப்புறம் ஊரு நல்லாயிடுச்சா?

பாதி நல்லாச்சு. நெஞ்சு அறையில கீழ் மூலை கருகிப் போச்சு, அங்க இனிமே காத்து சரியாப் போகாது. அந்தக் கிழவி நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குறா. முதல் தடவையே உள்ள காட்டியிருந்தா அந்த மூலையும் தப்பிச்சிருக்கும். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறலை. சரி, ஊரு இருட்டாகலை. அது போதும்னு இருக்கணும்.

— காத்தாயிக்கு?

காத்தாயிக்கு முன்பெஞ்சுல இடம் கொடுத்தாங்க. கண்ணுசாமிக்கும் பொன்னப்பாவுக்கும் நடுவுல. இனிமே அவளும் பேசலாம், நான் அப்போ பிடிச்சேன் பாருன்னு.

அப்புறம் வர்ற வருஷம், மறுபடியும் ஒருத்தன் மூக்கு வாசல்ல வந்தான். அதே வம்சம். குல்லாவை மறுபடி மாத்திட்டான்.

— அது இன்னும் நடக்கலையே, உனக்கு எப்படித் தெரியும்?

கதை சொல்றது யாரு? நீயா, நானா?

— நீ. ம்.

பத்துக்கையன் சளக் சளக்னு வந்தான். ரெண்டு கை கூடுதலா முளைச்சிருந்துச்சு. துண்டைக் கொண்டு வந்து காத்தாயி கையில வெச்சான். பாதி உட்கார்ந்துச்சு. பாதி வெளிய நின்னுச்சு. ஆடுச்சு.

முன்பெஞ்சு பூரா அவளையே பார்க்குது... கண்ணு இல்லாதவங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு கேட்காதே. இருளப்பன் பட்டறையில குனிஞ்சு அவ அளவுக் கொக்கியை எடுக்கவே ஆரம்பிச்சுட்டான். அவ ஒரே ஒரு வார்த்தை, "என்னுது"ன்னு சொன்னாப் போதும். அறுபது வருஷம் அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தா. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

அப்போ காத்தாயி துண்டைக் கையிலேருந்து எடுத்து அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்தா. "எனக்குப் பாதிதான் பொருந்துது. கைவசம் இருக்குற கொக்கியை அனுப்பி வைக்கறேன், கொஞ்ச நேரம் தாங்கும். நீ இதை உள்ள எடுத்துட்டுப் போ. கடைசி மூலை வரைக்கும் போ. ஒருத்தரையும் விடாதே. காலை நீட்டிக்கிட்டு இருக்கறவங்களை மடக்கச் சொல்லு, காத்தாயி சொன்னான்னு சொல்லு."

பத்துக்கையன் கேட்டான், "உள்ள இன்னும் யாராவது இருக்காங்களாம்மா?"

அவ சொன்னா, "நான் இருந்தேனே."

— இருந்தாங்களா, அத்தைப்பாட்டி?

போய்க்கிட்டிருக்கான்டி. வழி குறுகல். தழும்பைத் தாண்டணும், திட்டைத் தாண்டணும். சரக்... சரக்... ஒரு கை, அடுத்த கை. ஒவ்வொரு உள்ளங்கையா வெச்சுப் பார்க்கணும் இல்லையா? கண்ணை மூடினாத்தான் அவன் நடக்குற சத்தம் கேட்கும். சரக்... சரக்... கேட்குதா?

யாழி?

"ம்" வரலை. சரி. பத்துக்கையன் உள்ள நடந்தாச்சு, காத்தாயி பெஞ்சுல சாய்ஞ்சாச்சு, சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் இன்னைக்கு இவ்வளவுதான். தூங்கு.

கையை மட்டும் உருண்டை மேலேருந்து எடுக்கவே இல்ல. இருக்கட்டும்.